அதிமானுட நாயகர் திரைப்படங்கள்: பலமும் பலவீனமும்

1

வெகுசனக் கலை வடிவங்களை ஆராயப் புகும் முற்போக்குத் திறனாய்வாளர் இருவகைத் தவறுகளுக்கு ஆளாவதுண்டு. கோடிக்கணக்கான மக்கள் விரும்பிப் பார்ப்பதொன்றை, அது சந்தைச் சரக்கு என்ற ஒரே காரணத்தால் ஆராயத் தகுதியற்றதென ஒதுக்கிவிடுவது முதலாவது. மக்கள் விரும்புவதெல்லாம் மக்கள் கலையே எனக் கொண்டு, அவ்விருப்பத்தை உருவாக்கும் சக்திகளைக் கேள்விக்குட்படுத்தாது விடுவது இரண்டாவது. முன்னையது மக்களை மூடராக்குகின்றது. பின்னையது வணிகரை மக்களின் பிரதிநிதிகளாக்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் உற்பத்தியாகி, இருபத்தோராம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களில் உலகத் திரையரங்குகளைத் தம்வயப்படுத்திய அதிமானுட நாயகர் திரைப்படங்கள் தொடர்பாக இவ்விரு தவறுகளும் தாராளமாகவே இழைக்கப்பட்டுள்ளன.

2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நெறியாளர் மார்ட்டின் ஸ்கோர்செசி, மார்வல் நிறுவனத்தின் படங்களைச் சினிமா எனக் கொள்ள இயலாதென்றும், அவை கேளிக்கைப் பூங்காக்களுக்கே நெருக்கமானவை என்றும் கருத்துரைத்தபோது எழுந்த வாதப் பிரதிவாதங்கள் பெரிதும் இரசனை பற்றியனவாகவே அமைந்தன. இரசனைப் பிரச்சினை முக்கியமானதே. ஆயினும் ஒரு கலை வடிவம் எத்தகைய சமூகச் சூழலில் தோன்றியது, எத்தகைய உற்பத்தி முறையினால் நிலைபெற்றது, மனிதரின் செயலாற்றல் பற்றி எத்தகைய எண்ணத்தைப் பார்ப்போர் மனத்தில் பதிக்கின்றது என்னும் வினாக்கள் அதனிலும் அடிப்படையானவை. இம்மூன்று வினாக்களையும் மனங்கொண்டு இத்திரைப்படங்களின் பலத்தையும் பலவீனத்தையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

அதிமானுட நாயகன் திரைப்படத்திற் பிறந்தவனல்லன். மலிவு விலைச் சித்திரக்கதை ஏடுகளிற் பிறந்தவன். 1938ஆம் ஆண்டு ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலிதழில் சுப்பர்மேன் தோன்றினான். அவனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்ரர் ஆகிய இருவரும் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த, யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்க உழைக்கும் மக்களை வாட்டிய காலம் அது. அம்மந்தத்தின் சினம் ஆரம்பகாலச் சுப்பர்மேனிடம் தெளிவாகவே புலப்படுகின்றது. அவன் மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டித்தான். ஊழல் அரசியல்வாதியைப் பணியவைத்தான். பாதுகாப்பற்ற சுரங்கத்தின் உரிமையாளனை அச்சுரங்கத்தினுள்ளேயே அகப்படச் செய்து, தொழிலாளர் நாளாந்தம் எதிர்நோக்கும் ஆபத்தை உணரவைத்தான். 1939இல் வெளிவந்த கதையொன்றில் சேரிக் குடியிருப்புகளைத் தானே இடித்துத் தள்ளி, அரசு அவ்விடத்தில் நல்ல வீடுகளைக் கட்ட வேண்டிய நிலையை உருவாக்கினான். 1941இல் ‘கப்ரன் அமெரிக்கா’ முதலிதழின் முகப்பில், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்னரே, நாயகன் ஹிற்லரின் முகத்தில் குத்துவதாக ஜோ சைமனும் ஜக் கேர்பியும் சித்திரித்தனர்.

இச்சமூகச் சினம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1954இல் சித்திரக்கதை வெளியீட்டாளர் தாமே ஏற்றுக்கொண்ட ஒழுக்க விதிக்கோவை, பொலிசார், நீதிபதிகள், அரச அலுவலர் முதலியோரை அதிகாரத்தின்பால் அவமதிப்பு ஏற்படும் வகையிற் சித்திரிக்கலாகாது என விதித்தது. பனிப்போர்க் காலக் கெடுபிடி கற்பனை உலகையும் விட்டுவைக்கவில்லை. 1962இல் சுப்பர்மேன் பற்றி எழுதிய இத்தாலிய அறிஞர் உம்பேர்த்தோ ஈக்கோ இதன் விளைவைக் கூர்மையாக அவதானித்தார். உலகின் பசியையே போக்கத்தக்க ஆற்றல் வாய்ந்தவன் சிறு நகரமொன்றில் வங்கிக் கொள்ளையரைத் துரத்திக்கொண்டிருக்கின்றான்; தீமை என்பது தனிச்சொத்தின் மீதான தாக்குதலாகவும், நன்மை என்பது தருமமாகவும் குறுகிவிடுகின்றன என்பது அவரது வாதத்தின் சாரம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின்னர் வந்த திரைப்படங்களுக்கும் இக்கூற்று பெருமளவு பொருந்துகின்றமை வியப்புக்குரியது.

படைப்பாளிகளின் கதி தனியே குறிப்பிடத்தக்கது. சுப்பர்மேனின் உரிமையைச் சீகலும் ஷஸ்ரரும் 130 டொலருக்கு விற்றனர். அப்பாத்திரம் பெருஞ்செல்வத்தை ஈட்டிக்கொண்டிருக்க, அதனைப் படைத்தோர் வறுமையில் வாடினர். பெருஞ்செலவிலான சுப்பர்மேன் திரைப்படம் தயாராகவிருந்த வேளையில் எழுந்த கண்டனங்களின் பின்னர், 1975இல், வோணர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் வீதம் உதவிப்பணம் வழங்கவும் அவர்களின் பெயரைப் பொறிக்கவும் உடன்பட்டது. நீதிக்காகப் போராடும் நாயகனின் வரலாறு தொடக்கத்திலேயே உழைப்புச் சுரண்டலின் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

3

1978இல் றிச்சாட் டொனர் நெறிப்படுத்திய ‘சுப்பர்மேன்’, 1989இல் ரிம் பேர்ட்டனின் ‘பற்மேன்’ ஆகியன பெருவெற்றி பெற்றனவெனினும், இவ்வகைப் படங்கள் ஹொலிவூட்டின் மையத்துக்கு வந்தமை 2000ஆம் ஆண்டின் பின்னரேயாகும். 2002இல் சாம் றைமியின் ‘ஸ்பைடர்மேன்’ அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 10 கோடி டொலருக்கு மேல் ஈட்டிய முதற் படமாயிற்று. இதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 1996இல், வங்குரோத்து நிலையை அடைந்திருந்த மார்வல் நிறுவனம், 2005இல் தன் பாத்திரங்கள் பத்தின் திரைப்பட உரிமைகளைப் பிணையாக வைத்து மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் ஊடாக 52.5 கோடி டொலர் கடன் வசதி பெற்றுத் தானே படத் தயாரிப்பில் இறங்கியது. 2008இல் வெளிவந்த ‘அயன்மேன்’ அதன் முதற்பேறு. 2009இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு மார்வலை வாங்கியது. 2019இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ அவ்வரிசையில் 22ஆவது படம், உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டொலரை அது ஈட்டியது.

இவ்விபரங்கள் உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. இங்கு விற்பனைக்குரிய பண்டம் தனித்ததொரு திரைப்படமன்று. பாத்திரங்களின் உரிமையே மூலதனம். திரைப்படம் அம்மூலதனத்தைப் பெருக்கும் பல வழிகளில் ஒன்று. விளையாட்டுப் பொருள், உடை, தொலைக்காட்சித் தொடர், கேளிக்கைப் பூங்கா ஆகியன ஏனைய வழிகள். எனவே ஒரு படம் முற்றுப்பெறுவது மூலதனத்துக்கு நட்டமாகும். கதை எங்கேனும் முடிந்துவிடலாகாது. முடிவுரைப் பெயர்ப்பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படத்துக்கான காட்சி தோன்ற வேண்டும். அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் பண்பாட்டுக் கைத்தொழில் எனச் சுட்டியதன் முழு வளர்ச்சியை இங்கே காண்கின்றோம்.

4

இவ்வாறாயின் இப்படங்களுக்குப் பலமே இல்லையா? உண்டு, அதனை மறுப்பது ஆய்வு நேர்மையாகாது.

முதலாவதாக, தொடர்கதை மரபின் ஒரு புதிய பெருவடிவத்தை இவை உருவாக்கியுள்ளன. பதினோராண்டுக் காலத்தில் 22 படங்களினூடே, பல நெறியாளரின் கைகளில், ஒரே கதையுலகை ஒழுங்காக வளர்த்துச் சென்றமை திரைப்பட வரலாற்றில் முன்மாதிரியற்றது. கிளைக்கதைகள் பலவற்றை ஒரு பெருங்கதையிற் பிணைக்கும் இதிகாச மரபில் ஊறிய நமக்கு, இவ்வடிவத்தின் கவர்ச்சி புரியாததொன்றன்று. 2019இல் ‘எண்ட்கேம்’ படத்தின் தமிழ் வடிவத்துக்கு நெறியாளர் ஏ. ஆர். முருகதாஸ் உரையாடல் எழுத, நடிகர் விஜய் சேதுபதி அயன்மேனுக்குக் குரல் கொடுத்தார். இக்கதையுலகம் தமிழ் இளைஞரின் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றுவிட்டமைக்கு இதுவும் ஒரு சான்று.

இரண்டாவதாக, இவ்வடிவம் திறமையுள்ள நெறியாளரின் கையில் வாழ்க்கையின் மெய்ம்மையைத் தொடவும் வல்லது. 2004இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தின் நாயகன் பீற்றர் பார்க்கர், பீற்சா கொண்டுசென்று கொடுக்கும் வேலையை இழப்பவன்; வாடகை கட்ட இயலாதவன்; கடனுக்காக வங்கி வாயிலில் நின்று வெறுங்கையோடு திரும்பும் மாமியின் அவமானத்தை அருகிருந்து காண்பவன். அவனது ஆற்றல் அவனுக்குச் சோறு போடவில்லை. மயங்கி வீழும் அவனைப் புகையிரதப் பயணிகள் தம் தலைக்குமேல் ஏந்திச் செல்லும் காட்சி, இவ்வகைப் படங்களில் பொதுமக்கள் மனிதராகத் தோன்றும் அரிய காட்சிகளில் ஒன்றாகும்.

மூன்றாவதாக, நெடுங்காலம் திரையின் ஓரத்தில் நிறுத்தப்பட்டோர் நடுவிடத்துக்கு வந்தமை. 2018இல் றையன் கூக்ளர் நெறிப்படுத்திய ‘பிளாக் பாந்தர்’, கறுப்பின நடிகரையே பெரும்பான்மையாகக் கொண்டு, 130 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. கறுப்பினத்தவர் படங்கள் உலகச் சந்தையில் விலைபோகா என்ற ஹொலிவூட்டின் பழைய நியாயத்தை அது தகர்த்தது. அப்படத்துக்காக றூத் காட்டர் உடையமைப்புக்கும் ஹனா பீச்லர் கலையமைப்புக்கும் ஒஸ்கார் பரிசு பெற்றனர். ஆபிரிக்காவை இருண்ட கண்டமெனக் காட்டிப் பழகிய திரையில், காலனித்துவத்துக்கு ஆட்படாத ஆபிரிக்கா எவ்வாறு இருந்திருக்கும் என்ற கற்பனையைக் கறுப்பினச் சிறுவர் கண்டனர். அம்மகிழ்ச்சியை ஏளனஞ் செய்ய எவருக்கும் உரிமையில்லை.

நான்காவதாக, காலத்தின் உண்மையான பிரச்சினைகளை இப்படங்கள் எழுப்புகின்றன. ஆயுத வணிகம் ‘அயன்மேனி’லும், அரசின் ஒற்றாடல் ‘கப்ரன் அமெரிக்கா: வின்ரர் சோல்ஜர்’ படத்திலும் (2014), இன ஒடுக்குமுறை ‘பிளாக் பாந்தரி’லும் கதைப்பொருளாகின்றன. இப்பிரச்சினைகள் மக்கள் மனத்தை அரித்துக்கொண்டிருப்பன. சந்தையை நன்கறிந்த தயாரிப்பாளர் அவற்றைப் புறக்கணிக்க முடிவதில்லை.

5

ஆயினும் பிரச்சினையை எழுப்புவது வேறு, அதனை எங்ஙனம் தீர்ப்பது என்பது வேறு. இப்படங்களின் தலையாய பலவீனம் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது.

‘அயன்மேன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1963இல் வெளிவந்த மூலக்கதையில் ஆயுத உற்பத்தியாளன் ரொனி ஸ்ராக் வியட்நாமிற் காயமுறுகின்றான்; 2008இன் படத்தில் களம் ஆப்கானிஸ்தானாக மாறுகின்றது. தன் நிறுவனத்தின் ஆயுதங்கள் இரு தரப்பினரிடமும் இருப்பதைக் கண்டு அவன் மனம் மாறுகின்றான். இதுவரை சரியே. பின்னர் குற்றம் முழுவதும் அவனது பங்காளி ஒருவனின் பேராசையாகச் சுருங்கிவிடுகின்றது. அவன் அழிந்ததும் பிரச்சினையும் அழிகின்றது. எஞ்சுவது எவருக்கும் பொறுப்புக்கூறாத தனியொருவனின் கையிலுள்ள மிக நவீன ஆயுதம். இப்படத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ஒத்துழைப்பு நல்கியது. எட்வேர்ட்ஸ் வான்படைத் தளத்தில் காட்சிகள் படமாக்கப்பட்டன. இத்தகைய உதவியைப் பெறுவோர் திரைக்கதையைத் திணைக்களத்தின் பார்வைக்குச் சமர்ப்பித்தல் வேண்டும் என்பது நடைமுறை. மறுதலையாக, 2012இன் ‘அவெஞ்சர்ஸ்’ படத்திற்கு ஒத்துழைப்பு நிறைவேறவில்லை. கதையில் வரும் சர்வதேச அமைப்புக்கு அமெரிக்கப் படைகள் கட்டுப்படுமா என்பது தெளிவாகவில்லை என்பதே காரணம். கற்பனையிற்கூடத் தன் இறைமையை விட்டுக்கொடாத அரசு இதுவாகும்.

எதிராளிகளின் நிலையோ மேலும் நுணுகி நோக்கற்பாலது. பல படங்களில் சமூக உண்மையைப் பேசும் உரிமை எதிராளிக்கே வழங்கப்படுகின்றது. பேசிய பின்னர் அவன் கொலைவெறியனாக்கப்படுகின்றான். ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்தின் (2017) எதிராளி, இடிபாடுகளை அகற்றும் சிறிய ஒப்பந்தக்காரன். அரசும் ஸ்ராக்கும் இணைந்து அமைத்த நிறுவனம் அவனது ஒப்பந்தத்தைப் பறிக்க, அவனும் அவனது தொழிலாளரும் நடுத்தெருவுக்கு வருகின்றனர். பெருஞ்செல்வர் உடைப்பர், அள்ளுவதற்குப் பணமும் அவர்களே பெறுவர் என்ற அவனது முறைப்பாட்டுக்குப் படத்தில் எவரும் மறுமொழி கூறுவதில்லை. இப்படத்தின் பார்க்கரையும் 2004இன் பார்க்கரையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு மாற்றம் தெளிவாகும். றைமியின் 2002ஆம் ஆண்டுப் படத்தில் தன் வேட உடையைத் தானே ஆக்கிக்கொண்டவன், 2017இல் அதனைக் கோடீசுவரன் ஒருவனிடமிருந்து கொடையாகப் பெறுகின்றான். வாடகை கட்ட இயலாத இளைஞனின் துயரம் மறைந்து, புரவலனின் நன்மதிப்பைப் பெறும் ஏக்கம் அவ்விடத்தை நிரப்புகின்றது.

‘பிளாக் பாந்தரி’ன் கில்மொங்கர், உலகெங்கும் ஒடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் இருக்க வக்காண்டா தன் வளத்தை ஒளித்து வைத்திருப்பது ஏன் என வினவுகின்றான். படத்தின் மிகச் சிறந்த வினா இதுவே. ஆனால் வினவியவன் ஈவிரக்கமற்ற கொலைஞனாகக் காட்டப்படுகின்றான். அமெரிக்க ஒற்றர் சேவையைச் சேர்ந்தவனோ நாயகனின் நண்பனாகின்றான். இறுதியில் வினாவுக்குக் கிடைக்கும் விடை ஓக்லண்ட் நகரில் திறக்கப்படும் ஒரு சமூகசேவை நிலையமே. ‘இன்ஃபினிற்றி வோர்’ படத்தின் (2018) தானோஸ், வளங்கள் குறைவு, உயிர்கள் மிகுதி, எனவே பாதியை அழிக்க வேண்டும் என்கின்றான். இது 1798இல் மால்தஸ் முன்வைத்த வாதத்தின் வழித்தோன்றலே. வளப் பற்றாக்குறைக்குப் பங்கீட்டு முறை காரணமாகலாம் என்ற மிக எளிய மறுப்பை நாயகர் எவரும் கூறுவதில்லை. கருத்து கருத்தினால் எதிர்க்கப்படாது கைமுட்டியினால் மட்டும் எதிர்க்கப்படும்போது, அக்கருத்து பார்ப்போர் மனத்தில் தோற்காமலே தங்கிவிடுகின்றது.

மக்களின் நிலை என்ன? பெரும்பாலான படங்களில் அவர்கள் ஓடுகின்றனர். அல்லது வானை அண்ணாந்து பார்க்கின்றனர். அவர்கள் எழுச்சியுறும் அரிய வேளைகளில் கும்பலாகவே காட்டப்படுகின்றனர். நோலனின் ‘டார்க் நைற் றைசஸ்’ (2012) பங்குச் சந்தையைத் தாக்குவோரையும் செல்வரை விசாரிக்கும் மன்றத்தையும் பயங்கரவாதியின் சூழ்ச்சியாகக் காட்டி, ஒழுங்கைக் கோடீசுவரன் ஒருவனும் பொலிசாரும் மீட்பதாக முடிகின்றது. ‘ஜோக்கர்’ (2019) சமூகநலச் சேவைகள் வெட்டப்படுவதன் கொடுமையைத் துணிந்து காட்டியும், மக்களின் சினத்துக்குக் கலவரம் தவிர்ந்த வடிவத்தைக் காணவில்லை.

மரணமும் இங்கு தன் பொருளை இழந்துவிடுகின்றது. நமது வீரயுகப் பாடல்களின் வீரன் இறப்பவன்; இறப்பு மீளமுடியாதது என்பதனாலேயே அவனது தெரிவு பெறுமதியுடையதாகின்றது, அவனுக்கு நடுகல்லும் எழுகின்றது. இப்படங்களில் மாண்டோர் அடுத்த படத்தில் மீள்கின்றனர். உரிமை மூலதனமாக இருக்கும்வரை நாயகனுக்கு நடுகல் நாட்ட இயலாது. முதுமையையும் சாவையும் நேருக்கு நேர் நோக்கிய ‘லோகன்’ (2017) பெற்ற பெருமதிப்புக்கு இதுவும் காரணம். ஆயினும் அதே பாத்திரத்தை 2024இல் மீண்டும் திரைக்குக் கொணரச் சந்தை தயங்கவில்லை.

6

திரையிற் காணும் அதிசயங்களைச் செய்வோர் யாவர் என்பதும் நாம் கேட்க வேண்டிய வினா. இடிந்து வீழும் நகரங்களையும் பறக்கும் மனிதரையும் ஆக்குவோர் கணனி முன் இரவு பகலாக அமர்ந்திருக்கும் காட்சிவிளைவுத் தொழிலாளர். மொத்த விலைக்கு வேலையை ஏற்கும் ஒப்பந்த நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் குறைக்க, தயாரிப்பாளர் கடைசி நேரத்தில் கோரும் மாற்றங்களின் சுமை தொழிலாளர் தலையிலேயே வீழ்கின்றது. 2013இல் ‘லைஃப் ஒவ் பை’ படத்துக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தபோது, அப்படத்துக்கு உழைத்த ‘றிதம் அன்ட் ஹியூஸ்’ நிறுவனம் வங்குரோத்து நிலையில் இருந்தது. ஊதியம் குறைந்த நாடுகளை நோக்கி இவ்வேலை நகர்ந்துள்ளது. மும்பை, பெங்களூர், சென்னை முதலிய நகரங்களின் இளைஞர் பலர் இதில் ஈடுபட்டுள்ளனர். 2025இல் ரெக்னிகலர் குழுமம் வீழ்ந்தபோது இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் திடீரென வேலையிழந்தனர்.

எனினும் இத்தொழிலாளர் வாளாவிருக்கவில்லை. 2023 செப்ரெம்பரில் மார்வல் நிறுவனத்தின் காட்சிவிளைவுத் தொழிலாளர் தொழிற்சங்கமாக அமைவதற்கு ஏகமனதாக வாக்களித்தனர். அதே ஆண்டில் ஹொலிவூட் எழுத்தாளரும் நடிகரும் நீண்ட வேலைநிறுத்தங்களை நடத்தித் தம் கோரிக்கைகள் பலவற்றை வென்றெடுத்தனர். திரைக்கதைகள் நிகழவொட்டாத செயலைத் திரைக்குப் பின்னாலுள்ள மனிதர் நிகழ்த்திக் காட்டினர்.

7

2019இன் பின்னர் இப்படங்களின் ஆதிக்கம் ஓரளவு தளர்ந்துள்ளது. 2023இல் வெளிவந்த ‘த மார்வல்ஸ்’ உலகெங்கும் ஏறத்தாழ 20 கோடி டொலரையே ஈட்டியது. அதன் தயாரிப்புச் செலவே அதனிலும் அதிகம். மறுபுறம் 2024இன் ‘டெட்பூல் அன்ட் வோல்வரின்’ 130 கோடி டொலரைத் தாண்டியது. எனவே இவ்வடிவம் மாண்டுவிட்டதெனக் கூறுவது அவசரமாகும். ஒரே சூத்திரத்தின் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களில் மக்கள் சலிப்புறுகின்றனர் என்று மட்டும் கூறலாம்.

இச்சலிப்பு திறனாய்வாளருக்கு ஒரு வாய்ப்பு. 1971இல் சிலி நாட்டில் டோர்ஃப்மனும் மற்றெலாரும் டிஸ்னியின் டொனால்ட் டக் சித்திரக்கதைகளை ஆராய்ந்து நூல் எழுதினர். 1973ஆம் ஆண்டு இராணுவச் சதியின் பின்னர் அந்நூலின் பிரதிகள் தீக்கிரையாக்கப்பட்டன. சிறுவர் கதை பற்றிய ஆய்வுக்குச் சர்வாதிகாரம் அஞ்சியமை, கற்பனை உலகு அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று என்பதை எவ்விளக்கத்தினும் தெளிவாக உணர்த்துகின்றது.

நோலனின் ‘டார்க் நைற்’ படத்தில் (2008) இரு கப்பல்கள் வருகின்றன. ஒன்றில் கைதிகள், மற்றையதில் சாதாரண நகரவாசிகள். ஒரு கப்பலிலுள்ளோர் மற்றைய கப்பலை வெடிக்கச் செய்தால் தாம் பிழைக்கலாம் என எதிராளி அறிவிக்கின்றான். கைதி ஒருவன் வெடிப்புக் கருவியை வாங்கி யன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகின்றான். நகரவாசிகளும் விசையை அழுத்த மறுக்கின்றனர். அவ்வேளை எந்த அதிமானுடனும் அவர்கள் அருகில் இல்லை. நகரைக் காத்தது அவர்களது தீர்மானமே. படம் சில நிமிடங்களில் இக்காட்சியைக் கடந்து மீண்டும் நாயகனிடம் சென்றுவிடுகின்றது. நமது மாணவரும் இளைஞரும் இப்படங்களைப் பார்ப்பதைத் தடுக்க எவராலும் இயலாது, தடுப்பது தேவையுமன்று. அக்கப்பல்களில் இருந்தோர் யார், அவர்களின் கதையைச் சொல்லத் திரைக்கு நேரமில்லாது போனது ஏன் என்று அவர்களோடு சேர்ந்து வினவுவதே நமது கடமையாகும்.